முப்பது வருஷத்து வழக்கு

நமக்கும் மதுப் புட்டிக்கும் எவ்வித சம்பந்தமும் கிடையாது என்பது நேயர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வழக்கு முப்பது வருஷம் நடந்தது என்று கேள்விப்பட்டால், அதை விசாரிக்காமல் இருக்க நம்மால் முடிவதில்லை. இந்த வழக்கில் வாதியும் பிரதிவாதியும் சாட்சியும் எல்லாம் புட்டிகளே!

1976-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி, பாரிஸ் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு பரீட்சை நடத்தினார். பிரெஞ்சுத் திராட்சை மதுவையும் கலிபோர்னியா மதுவையும் பெயர் தெரியாதபடி கலந்து வைத்தார். ருசி பார்த்து மார்க்குப் போட்ட ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். வெள்ளை மது, சிவப்பு மது இரண்டிலும் கலிபோர்னியாவே முதல் ஸ்தானம் பெற்றது. சிவப்பில் ஜயித்தது 'ஸ்டாக்ஸ் லீப்' என்னும் 1973-ம் வருஷத்துச் சரக்கு. அதன் கொடிகள் நடப்பட்டதே 1970-ல்தான்! தோற்றவையோ 'மூட்டோன் ரோத்ஷீல்ட்', 'ஓ பிரியோன்' முதலிய பரம்பரைப் பிரபுக்கள். நீதிபதிகளில் ஓர் அம்மையார் தமது மார்க்குத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டாராம்.

பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஆட்சேபம் கிளப்பினார்கள். "எங்கள் மது நிலவறையில் கிடந்து முதிர்வதற்கென்றே செய்யப்படுவது, இளமையில் அதைச் சோதிப்பது முறையல்ல. கலிபோர்னியாச் சரக்கு சீக்கிரம் சோர்ந்துவிடும்" என்பது அவர்கள் கட்சி. தோற்றவர்களின் முணுமுணுப்பு என்று பலர் சிரித்தார்கள். நாம் சிரிக்க மாட்டோம், ஆட்சேபம் நியாயமானதுதான். சிவப்பு மதுவின் துவர்ப்புப் பழத்தின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. இளமையில் அது நாக்கைப் பிடித்து இழுக்கும். குளிர்ந்த இருட்டறையில், தக்கை உலராதபடி படுக்க வைத்த புட்டிக்குள், வருஷக் கணக்கில் அந்தத் துவர்ப்பு ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாய் அடியில் படிகிறது. ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறமாகிறது. இத்தனையும் தாங்கி ருசியோடு எழுந்திருக்க எல்லா மதுவாலும் முடியாது. முடியுமா என்பதற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு சோதனையும் கிடையாது.

காத்திருந்தார்கள். 1986-ல் நியூயார்க்கில் அதே சிவப்புச் சரக்குகளை மறுபடி திறந்து பார்த்தபோது, முன்பு எட்டாவதாக வந்த கலிபோர்னியாவின் 'க்ளோ து வால்' முதலாவதாயிற்று. பழைய வெற்றி வீரரான ஸ்டாக்ஸ் லீப் ஆறாமிடத்துக்கு இறங்கிற்று. பிரெஞ்சுக்காரர் சொன்னது பலித்துவிடும் போலிருந்தது அல்லவா?

2006-ம் வருஷம், அதே மே 24-ந் தேதி, லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கிலும் ஒரே சமயத்தில் மீண்டும் விசாரணை நடந்தது. இரண்டு ஊர் நீதிபதிகளும் ஒரே மதுவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். அது கலிபோர்னியா மலைச்சரிவில் விளைந்த 'ரிட்ஜ் மாண்டி பெல்லோ', 1971-ம் வருஷத்தது. பாரிஸில் ஐந்தாவதாக வந்து யாருடைய வாயிலும் அதிகம் அடிபடாதது! ஸ்டாக்ஸ் லீப் மறுபடி இரண்டாமிடத்துக்கு ஏறிக்கொண்டது. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே. பிரெஞ்சு மூட்டோன் ஆறாவது.

வெள்ளை மதுக்களின் கதை வேறு. 1986-லேயே, அவற்றின் பருவம் கடந்திருக்கும் என்று மறு விசாரணையில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஆகவே பாரிஸில் ஜயித்த 'ஷாட்டோ மாண்டெலீனா'வின் மேல் அந்த வருஷம் அப்பீல் ஏதும் நடக்கவில்லை.