குதிரை வேணுமா, கிளட்ச் வேணுமா?

ஞாயித்துக்கிழமை காலங்காத்தால கோவையிலேர்ந்து தம்பி போன். "அண்ணா, அப்பாவோட ஸ்விஃப்ட் டீசலை ரீமேப் பண்ணட்டுமா? லேப்டாப்பை சொருகினா அரை மணி நேரத்துல 75 குதிரை 95 ஆயிடுமாம்!"

ஆகும்தான். டர்போ டீசல்ல, டீசலைக் கொஞ்சம் கூட்டு, டர்போ அழுத்தத்தை ஏத்துன்னு எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொன்னாப் போதும். ஆனா கம்பெனிக்காரன் என்ன செஞ்சான்னு பாருங்க. ஸ்விஃப்ட்ல 75 குதிரை தர்ற அதே ஃபியட் 1248 சிசி எஞ்சின், 2011ல வந்த எஸ்எக்ஸ்4 டீசல்ல 90. அந்த 15 குதிரைக்காக டர்போவையே மாத்தினான். எஞ்சின் வேகத்துக்குத் தக்கபடி உள்ளே இறக்கைகள் திரும்புற டர்போ அது. நாம பழைய டர்போவை வச்சுக்கிட்டு டீசலை மட்டும் அள்ளி ஊத்தினா? காத்து பத்தாம கரும்புகை. சூடு ஏறி டர்போ காலி. கூடின இழுவையைத் தாங்காம கிளட்ச் வழுக்கும்.

இங்க மெல்பர்ன்ல என் ரூம்மேட்டுக்கும் இதே ஆசை. பி பிளேட் பார்ட்டி. விக்டோரியா சட்டப்படி, சக்தியைக் கூட்டறதுக்காக மாத்தின எஞ்சின் இருக்கிற காரை அவன் ஓட்டவே கூடாது. கப்சிப்!

தம்பியை எந்தச் சட்டம் காட்டி அடக்கறது? அது அப்பா 2010ல பி.எஃப். பணத்துல வாங்கின வண்டி. என்னை ஏர்போர்ட்டுல இறக்கி விட்டதும் அதுதான். கிளட்ச் இன்னும் ஒரிஜினல்.

"முதல்ல கிளட்ச், இன்ஜெக்டர், டர்போ மூணையும் செக் பண்ணுடா. அப்புறம் அப்பாகிட்ட கேளு"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்பாகிட்ட கேக்க அவனுக்கும் பயம். எனக்கும்தான் :-)