பறக்கமாட்டாத வண்டும் பயிருக்குப் பகையே

பறக்கமாட்டாத பூச்சி எவ்வளவு தூரம் வந்துவிடும் என்பது குடியானவர் பலருடைய எண்ணம். அது தவறு என்பதற்கு நாபாக்டஸ் என்னும் பேரினத்துக் கூன்வண்டுகள் தக்க சான்றாகும்.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வண்டுகளுக்கு, அரிசிக் கூன்வண்டைப் போல நீண்ட மூக்கு இல்லை. குறுகி அகன்ற மூக்கே உண்டு. இவற்றுள் வெண்கரை வண்டு எனத்தக்கது சுமார் அரை அங்குல நீளமுடையது. அதன் சாம்பல் நிற உடலின் இருமருங்கும் வெள்ளைக் கரை ஓடும். முதுகின் மேற்சிறகுகள் ஒன்றாய் ஒட்டியிருப்பதால் அது பறக்க இயலாது. அவ்வாறிருந்தும் 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாரிடாவில் காணப்பட்டது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் குடியேறிவிட்டது. வேர்மண்ணும், வைக்கோற்கட்டும், உழவுக் கருவியுமே அதற்கு வாகனங்கள்.

பரவிய இடங்களில் பெண்வண்டு ஆண் துணையின்றியே முட்டையிடுகிறது. ஆகவே ஒரு வயல் கெட ஒரே வண்டு போதும். புழு மண்ணுக்குள் இருந்து நிலக்கடலை முதலியவற்றின் வேரைத் தின்னும். செடி வாடிய பின்னரே தீங்கு புலப்படும். நிலக்கடலை போன்ற அவரையினத் தழையைத் தின்ற வண்டு மிகுதியாகவும், புல்லினத்தைத் தின்றது சொற்பமாகவும் முட்டையிடும். ஆதலால் தானியப் பயிரோடு மாற்றிப் பயிரிடுதலே அங்கே கண்ட நல்ல பரிகாரம்.

அயல்நாட்டுப் பூச்சியைப் பற்றி இங்கே ஏன் கவலை என்று கேட்கலாம். 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியும் அயல்நாட்டதே. அதன் பெண்ணுக்கும் சிறகில்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி மூன்றையும் அது பாழாக்கிற்று. 2010-இல் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பின்னரே அடங்கிற்று. மண்ணுள் மறைந்து வேரைத் தின்னும் புழுவுக்கும் அத்தகைய குளவி அகப்படும் என்று நம்பியிருத்தல் அறிவுடைமையன்று.

துறைமுகச் சோதனைக்கு 1914-ஆம் ஆண்டிலேயே சட்டம் ஏற்பட்டது. எனினும் சட்டம் மட்டும் போதாது. வெளிநாடு சென்று திரும்பும் உறவினர் ஆசையோடு கொணரும் ஒரு செடியின் வேர்மண்ணே பெருங்கேட்டுக்கு வித்தாகலாம். அதை வேண்டாவென மறுத்தல் அன்புக்குக் குறைவன்று. நாற்றுப்பண்ணையில் வாங்கும் செடியின் மண்ணைச் சோதித்தலும், வேற்றூர் உழவுக் கருவியைக் கழுவிய பின்பே வயலில் இறக்குதலும் ஒவ்வொருவர் கடமை. பின்னர் மருந்துக்குக் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பொருட்டன்று.