முளைவிடும் வாரம்

புதுச்சேரி மணக்குள விநாயகர் சன்னிதியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. இரண்டாம் வகுப்புச் சிறுமியொருத்தியை அவள் தாய் கடிந்துகொண்டிருந்தார்.

"வாரம் முழுதும் பள்ளிக்குப் போனாய், மூன்றாம் வாய்பாடு இன்னும் வரவில்லையே! பிள்ளையாரிடம் நல்ல புத்தி கேள்."

சிறுமி மெல்லச் சொன்னாள்: "ஈரப்பஞ்சில் வைத்த பயறு முளைத்துவிட்டது அம்மா. திங்கட்கிழமை ஒன்றுமே தெரியவில்லை. புதன்கிழமைதான் வெள்ளையாய் வேர் வந்தது."

தாயின் முகம் மாறிற்று. வாய்பாடு வராத அதே வாரத்தில், காத்திருந்து காணும் கல்வி அவளுக்கு வந்திருந்தது.

மணற்குளத்தால் பெயர்பெற்ற தலம் இது. திண்ணைப் பள்ளிகளில் நம் முன்னோரும் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தனர். பிழையை அழித்து மீண்டும் எழுதலாம்; மணல் ஒருபோதும் சினந்ததில்லை.

1910-இல் இந்நகரை அடைந்த ஸ்ரீ அரவிந்தர், ஆசிரியர் ஏவலிடுபவர் அல்லர், துணைநின்று வழிகாட்டுபவர் என்னும் கருத்தைத் தம் கல்விக் கட்டுரைகளில் வலியுறுத்தியவர். 1943 டிசம்பர் 2-ஆம் நாள், ஸ்ரீ அன்னை ஏறக்குறைய இருபது குழந்தைகளுடன் ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். பெற்றோருக்கும் அந்த நெறியே பொருந்தும்.

வாய்பாடும் வேண்டியதே, நாளும் உடனமர்ந்து சொல்லிக்கொடுங்கள். ஆனால் வெள்ளிதோறும் விளக்கேற்றியபின், "என்ன மதிப்பெண்?" என்பதற்கு முன், "இந்த வாரம் எதைக் கண்டு வியந்தாய்?" என்று கேளுங்கள். வேர் விடும் விதையை அன்றாடம் தோண்டிப் பார்ப்பவர் உண்டோ?