மறைந்து நிற்கும் கைத்திறன்

சம்பா அறுவடை முடிந்து களங்களில் நெல் குவியும் தை, மாசித் திங்கள்களில், காவிரிப் படுகையின் ஊர்களுக்கு வித்தைக்காரர்கள் வருவது முன்னாளில் வழக்கம். தேரடியில் துணி விரித்துச் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் அடியில் பந்துகளைத் தோன்றவும் மறையவும் செய்வர். செப்பு என்னும் சிறு கிண்ணத்தைக் கொண்டு நிகழ்வதால் அது செப்படி வித்தை எனப்பட்டது. இன்றோ அச்சொல் மோசடியைக் குறிக்கும் வசையாகிவிட்டது. இது முறையன்று.

இக்கலையின் இன்னொரு கிளையான சீட்டு வித்தையை எண்ணிப் பார்ப்போம். ஒரு சீட்டை உள்ளங்கையில் மறைக்க வேண்டுமெனில், அதன் எதிரெதிர் மூலைகளைச் சிறுவிரல் நுனிக்கும் கட்டைவிரலின் அடிமேட்டுக்கும் இடையே மெல்ல அழுத்திப் பிடித்தல் வேண்டும். எனினும் கை வெறுங்கையாகவே தோன்ற வேண்டும். விரல் விறைத்தால் குட்டு வெளிப்படும். வித்தைக்காரர் நோக்கும் இடத்தையே அவையும் நோக்கும். பெரிய அசைவு சிறிய அசைவை மறைக்கும். இவ்வளவும் இயல்பாக அமையக் கண்ணாடி முன் பல்லாண்டுப் பயிற்சி தேவை.

தஞ்சை வைத்தியநாத ஐயரிடம் பயின்ற பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க விரல்களை நாம் போற்றுகிறோம். அவ்விரல்களின் உழைப்பு நம் செவிக்கு எட்டுகிறது. வித்தைக்காரரின் உழைப்போ, கண்ணுக்குத் தெரியாதபோதுதான் வெற்றி பெறுகிறது. அதனாலேயே அது மதிப்பிழந்தது. இந்திய வித்தைக்காரரின் திறனுக்கு இணையாகத் தம்மால் எதைச் செய்ய இயலும் என 1821இல் வெளிவந்த கட்டுரையில் ஆங்கில எழுத்தாளர் வில்லியம் ஹாஸ்லிட் தம்மையே வினவிக்கொண்டார். ஆனால், தென்னிந்தியாவிலிருந்து சென்று இங்கிலாந்து மேடைகளில் புகழ்பெற்ற ராமோ சாமி, 1850இல் இலண்டனில் வறுமையில் மறைந்தார். அவரது அடக்கச் செலவுக்கே பிறரிடம் உதவி கோர நேர்ந்தது. வியப்பு வேறு; மதிப்பு வேறு.

இதே விரல்கள் சூதாட்டத்தில் பிறர் பொருளைக் கவர்வதில்லையா எனச் சிலர் கேட்கலாம். கவர்வதுண்டு. எர்ட்னேஸ் என்னும் புனைபெயரில் 1902இல் வெளிவந்த நூல், சீட்டாட்ட மோசடி உத்திகளை விரிவாக விளக்குகிறது. அதே நூலைத்தான் கனடாவில் பிறந்த டாய் வெர்னன் வாழ்நாள் முழுதும் பயின்று, சீட்டு வித்தையின் ஆசானாக விளங்கினார். உத்தி ஒன்றே, நோக்கமே வேறு. சூதாடி தான் ஏமாற்றுவதை மறைக்கிறான். வித்தைக்காரரோ, 'உங்கள் கண்களை ஏமாற்றப் போகிறேன்' என்று அறிவித்துவிட்டே தொடங்குகிறார். அவ்வொப்பந்தத்தில் நேர்மை இருக்கிறது.

அந்நேர்மை சமுதாயத்துக்கும் பயன்பட்டுள்ளது. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூரும், கோவை போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்தும், வெறுங்கையில் திருநீறு வரவழைக்கும் 'அற்புதங்களை' மேடைகளில் தாமே செய்துகாட்டி, அவை கைப்பழக்கமே என விளக்கினர். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு கூறுகிறது. ஒரு சீட்டை மறைக்கக் கற்ற மாணவர், கண்ணால் கண்டது எல்லாம் உண்மையன்று என்பதைத் தம் கைவழியே உணர்கிறார். அத்தகையவரை அற்புதம் காட்டி மயக்குவது எளிதன்று.

ஆதலின், பள்ளி விழாக்களில் பாட்டுக்கும் கூத்துக்கும் அளிக்கும் இடத்தைக் கைவித்தைக்கும் அளித்தல் வேண்டும். மோசடியை மோசடி என்றே சொல்வோம். செப்படி வித்தை என்னும் பெயரை அதற்கு உரிய கலைஞருக்கே திருப்பித் தருவோம்.