சாரதிக்குக் கொடுக்கும் சந்தோசம்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் எம்மவரின் பயணப் பெட்டிகள் அலுமாரியின் மேலிருந்து இறங்கிவிடும். பாரிசில் இருப்பவர் ரொறன்ரோவில் நடக்கும் திருமணத்துக்கும், சூரிச்சில் இருப்பவர் லண்டனில் நடக்கும் சாமத்தியச் சடங்குக்குமாகப் பறப்பர். யாருக்கு என்ன பரிசு என்று மாதக்கணக்கில் திட்டமிடும் நாம், விமான நிலையத்திலிருந்து எம்மை வீடு சேர்க்கும் சாரதிக்கு என்ன கொடுப்பது என்பதை மட்டும், அவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நிற்கும் அந்த அரை நிமிடத்திலேயே யோசிக்கின்றோம்.

அத்தகைய அரை நிமிடமொன்றில் நாமும் தவறினோம். சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் எம்மை ஏற்றிய சாரதி தமிழர். அதிலும் எமது அயற்கிராமத்தவர். வழிநெடுகிலும் கோவில் தேர்த் திருவிழாவும் குளக்கட்டும் பற்றியே பேச்சு. வீடு வந்ததும், நிர்ணயித்த கட்டணத்தைச் சதம் பிசகாமல் எண்ணி அவர் கையில் வைத்தோம். ஊரவருக்கு இனாம் நீட்டினால் அவரைத் தாழ்த்தியதாகிவிடும் என்பது எமது எண்ணம். "சந்தோசம் அண்ணை" என்று சிரித்துவிட்டுப் போனார்.

உள்ளே சென்றதும் தங்கை விசாரித்தாள். விடயத்தைச் சொன்னோம். "ஒரு பயணிக்காக வரிசையில் மணிக்கணக்காய்க் காத்துக் கிடக்கிறார்கள் அண்ணா. எரிபொருளும் காப்புறுதியும் அவர்களின் செலவு. ஊரவர் என்று கதைக்கத் தெரிந்த உங்களுக்குக் கொடுக்கத் தெரியவில்லையே" என்றாள்.

எம்மைச் சுட்டது அவளுடைய சொல் மட்டுமன்று. 1986 இல் பாரிஸ் வந்த புதிதில் உணவகமொன்றில் கோப்பை கழுவினோம். இரவு கடை பூட்டும்போது, பரிமாறுவோர் தமக்குக் கிடைத்த சில்லறையில் ஒரு பங்கைச் சமையலறைக்கும் தருவர். அதைச் சேர்த்துத்தான் ஊருக்குத் தொலைபேசி எடுத்தோம். பிறர் மேசையில் விட்டுச் சென்ற நாணயத்தால் அம்மாவின் குரலைக் கேட்டவர்கள், இன்னொருவரின் கையில் ஒரு நாணயமும் மிகுதியாக வைக்காமல் வந்துவிட்டோம்.

பிரெஞ்சுக்காரரின் 'பூர்புவார்', ஜெர்மானியரின் 'ட்றிங்கெல்ட்' ஆகிய இரண்டும் 'குடிப்பதற்கான பணம்' என்றே பொருள்படும். கொழும்பிலோ அதைச் 'சந்தோசம்' என்பர். அச்சாரதி சொல்லிச் சென்ற சொல்லும் அதுதான். நாம் கொடுக்காததும் அதுதான்.

நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபடும். அமெரிக்காவில் கட்டணத்தில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை எதிர்பார்ப்பர். நியூயோர்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து மன்ஹற்றன் செல்ல 2022 இறுதியில் 70 டொலர் என நிலையான கட்டணம் வகுக்கப்பட்டது. சாரதிக்கான அன்பளிப்பு அதற்குப் புறம்பானது. கனடாவில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை கொடுப்பர். லண்டனில் கட்டணத்தை அடுத்த முழுப் பவுணாக்கியோ, நூற்றுக்குப் பத்தளவிலோ கொடுத்தால் முறையாகும். பாரிஸ் நகருக்கும் சார்ள் து கோல் விமான நிலையத்துக்கும் இடையே 2016 முதல் வாடகைக் கார்களுக்கு நிலையான கட்டணம் உண்டு. மேலதிகமாக ஓரிரு யூரோ போதும். சுவிசில் 1974 முதல் உணவகங்களில் சேவைக் கட்டணம் விலையோடு சேர்ந்துவிட்டது. வாடகைக் காருக்கும் தொகையை முழுமையாக்கிக் கொடுப்பதே வழக்கம். ஜப்பானிலோ இனாம் வழக்கமில்லை. மிகுதியை விட்டுச் சென்றால் சாரதி ஓடிவந்து திருப்பித் தருவார். அங்கு பணிந்து நன்றி கூறுதலே மரியாதை.

சில விடயங்களை எல்லா நாட்டுக்கும் பொதுவாகக் கொள்ளலாம். முன்கூட்டியே ஒழுங்கு செய்த வாகனமாயின், சேவைப் பணம் சேர்க்கப்பட்டுள்ளதா எனப் பற்றுச்சீட்டைப் பாருங்கள். இருமுறை கொடுக்க வேண்டியதில்லை. அட்டை இயந்திரம் காட்டும் வீதங்கள் பெரும்பாலும் வரியும் சேர்ந்த தொகைக்கே கணிக்கப்படும். விரும்பிய தொகையை நீங்களே பதியலாம். பையில் மிஞ்சிய பிறநாட்டு நாணயங்களைக் கொடுக்காதீர்கள். நாணய மாற்றுவோர் பெரும்பாலும் தாள்களையே ஏற்பர்; சில்லறை அவருக்குப் பயன்படாது. பாரமான பெட்டிகளைத் தூக்கியவருக்கும், விமானம் தாமதித்தபோது காத்திருந்தவருக்கும் சற்றுக் கூட்டிக் கொடுப்பதே நியாயம்.

ஊருக்குப் போகும்போதோ நாம் வேறு விதமாகத் தவறுகின்றோம். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எம்மை ஏற்றிய வானைச் சாரதி இரவிரவாகக் கண்விழித்து ஓட்டுகின்றார். அவரை 'நீ' என்று அழைத்து, எமது பிள்ளைகளின் சம்பளக் கணக்கை அவர் காதுபடப் பேசி, இறுதியில் நோட்டுத்தாளைப் பலர் பார்க்க வீசுவோர் உளர். வழியில் தேநீருக்கு நிறுத்தினால் அவரையும் எம்மோடு அமர்த்துவோம். கண் சொருகினால் அரை மணி நேரம் உறங்க விடுவோம்; அது எமது பிள்ளைகளின் உயிருக்கும் காவல். கொடுப்பதை நன்றி சொல்லிக் கையில் கொடுப்போம்.

ரொறன்ரோவிலிருந்து திரும்பிய நாளில் எம்மை விமான நிலையம் சேர்த்தவர் பஞ்சாபியர். அவருக்கு உரியதையும், எமது ஊரவருக்குக் கொடாமல் விட்டதையும் சேர்த்துக் கொடுத்தோம். வியப்போடு வாங்கிக்கொண்டார். ஆயினும் முதற்கடன் இன்னும் தீர்ந்ததாக எமக்குத் தோன்றவில்லை.