படம் யார் கைக்குப் போகிறது?

2023 ஏப்ரலில் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் வந்தன. அவற்றில் 675 'ஏஐ' கேமராக்கள். ஹெல்மெட் போடாதவரைக் கண்டுபிடித்து, நம்பர் பிளேட்டைப் படித்து, ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத் தகவல் போய்விடும். அதே மாதம் திருவனந்தபுரத்தில் ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் ஒரு பெண்ணை ஸ்கூட்டரில் ஏற்றிச் சென்றார். வண்டி மனைவி பெயரில் இருந்தது. படம் மனைவியின் போனுக்கே போனது. வீட்டில் சண்டை மூண்டு, கணவர் அடித்ததாக மனைவி கரமனை போலீஸில் புகார் கொடுக்க, அவர் கைதானார்.

ஊரே சிரித்தது. அடித்தவர் மேல் வழக்கு வந்தது நியாயம்தான். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்? ஹெல்மெட் இல்லை என்பதற்குத் தலை தெரிந்தால் போதுமே; முகத்தை மறைத்து அனுப்பியிருக்கலாம். அப்படி ஒரு விதி முதலிலேயே இருந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்தக் கேமரா படித்தது வண்டி எண்ணை மட்டும்தான். இப்போது முகத்தையே படிக்கிறார்கள். பழைய குற்றவாளிகளின் படங்களோடு ஒப்பிடும் மென்பொருள் கேரளப் போலீஸிடமும் இருக்கிறது, தமிழ்நாட்டுப் போலீஸிடமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் அந்தத் தளத்துக்குள் 2024 மே மாதம் ஹேக்கர்கள் புகுந்துவிட்டார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகம் போனால்?

திருவனந்தபுரத்துக் கடைவீதியான சாலைக் கம்போளத்தில் இருக்கும் என் கடையிலும் கேமரா உண்டு. பிக்பாக்கெட் விசாரணை என்று போலீஸார் வந்து அதன் பதிவைக் கேட்டார்கள். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். திருடன் பிடிபட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரசீது எதுவும் தரவில்லை. அன்று மல்லியும் மிளகாயும் வாங்க வந்தவர்கள் முகமெல்லாம் அதில் இருக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், தேவை வேண்டும், அளவும் வேண்டும் என்றார்கள். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடமே விட்டுவிட்டது.

காவல்துறை மாநிலப் பட்டியலில் வருவது. டெல்லியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. யார் முகத்தை, எந்த வழக்குக்காக, யார் உத்தரவில் தேடலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும், தவறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேரளச் சட்டசபை எழுதி வைக்கட்டும். அடுத்த கேமராவுக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் எழுதட்டும்.