மேல்பாகத்தைப் பிரிக்கும் நாளை யார் முடிவு செய்வது?



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு மோட்டார் இயந்திரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு 'ஸ்கிராம்ப்ளர்' என்றால் தனி ஆசை என்பதை நாம் அறிவோம். மகன் கேட்கிறான் என்பதற்காகக் கடன்பட்டும் வாங்கிக் கொடுக்கும் தந்தையர் இருக்கின்றனர். வாங்கிய பிறகுதான் உண்மையான செலவு தொடங்குகிறது. அச்செலவுகளில் மிகப் பெரிய குழப்பத்தை உண்டாக்குவது, நான்கு வீச்சு இயந்திரத்தின் மேல்பாகத்தை எப்போது பிரித்துப் புதுப்பிப்பது என்னும் கேள்வி.

இதில் இரண்டு கட்சிகள் உள்ளன. "ஓடும்வரை ஓடட்டும், நின்றால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது ஒன்று. "ஆண்டுக்கு ஒருமுறை டாப் ஓவர்ஹால் செய்துவிட வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. ஓடிய மணி நேரக் கணக்கும் அளவுக் கருவியும்தான் அந்த நாளை முடிவு செய்ய வேண்டும்.

மேல்பாகம் என்பது பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங்குகள், பிஸ்டன் பின், சிலிண்டர், வால்வுகள் அமைந்த தலைப்பகுதி ஆகியவற்றைக் குறிக்கும். இவை எவ்வளவு விரைவாகத் தேயும் என்பது இயந்திரத்தின் தன்மையைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, கவாசாக்கி கே.எல்.எக்ஸ்.150 காற்றால் குளிரூட்டப்படும் 144 சிசி இயந்திரம் கொண்டது. அதன் பிஸ்டன் வீச்சு 54.4 மில்லிமீட்டர். யமஹா ஒய்.இசட்.250எஃப் பந்தயத்திற்கென்றே செய்யப்பட்டது. அதன் வீச்சு 53.6 மில்லிமீட்டர். வீச்சில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், முன்னது நிமிடத்திற்கு 8,000 சுற்றுகள் சுழலும்போது அதன் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 14.5 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பின்னது 13,000 சுற்றுகளில் சுழலும்போது அவ்வேகம் 23 மீட்டரைத் தாண்டுகிறது. இந்த வேகத்தைத் தாங்குவதற்காகவே பந்தய பிஸ்டனை எடை குறைத்து, பக்கச் சுவரைக் குட்டையாக்கிச் செய்கின்றனர். எடை குறைந்த உலோகம் ஓயாத அழுத்தத்தால் களைத்து ஒரு நாள் விரிசல் விடும். அவ்விரிசல் வெளியிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாது.

எனவேதான் பந்தய வண்டிகளின் கையேடுகள் கிலோமீட்டரில் பேசாமல் மணி நேரத்தில் பேசுகின்றன. ஹோண்டா சி.ஆர்.எஃப்.250ஆர் வண்டியின் கையேடு, 6 பந்தயங்கள் அல்லது ஏறத்தாழ 15 மணி நேரத்திற்கு ஒருமுறை பிஸ்டனையும் ரிங்குகளையும் மாற்றச் சொல்கிறது. ஞாயிறுதோறும் 2 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்திற்குள் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். இது பந்தயக்காரர்களுக்கான அளவு. பொழுதுபோக்காக ஓட்டுவோர் இதைவிடக் கூடுதலான நேரம் ஓட்டுவது வழக்கமே. அதை நான் குறை சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் கூட்டிக்கொண்டே போவதைத்தான் குறை சொல்கிறேன்.

மாறாக, சிறுவர்களுக்கான ஹோண்டா சி.ஆர்.எஃப்.110எஃப், மேலே சொன்ன கே.எல்.எக்ஸ்.150 போன்ற எளிய இயந்திரங்களில் எண்ணெயை நேரத்தோடு மாற்றி, காற்று வடிகட்டியைத் தூய்மையாக வைத்திருந்தால் பல ஆண்டுகளுக்கு மேல்பாகத்தைத் தொட வேண்டிய தேவையே எழாது. இத்தகைய வண்டிக்கு ஆண்டுதோறும் டாப் ஓவர்ஹால் வேண்டும் என்று எவரேனும் சொன்னால், "எதை அளந்து பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று பெற்றோர் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சரி, எதை அளப்பது?

முதலாவது, வால்வு இடைவெளி. வண்டி தொடங்க மறுக்கிறது, அதிலும் சூடாக இருக்கும்போது மறுக்கிறது என்றால் உடனே பிஸ்டனைக் குற்றம் சொல்ல வேண்டாம். வால்வு தேய்ந்து தலைப்பகுதிக்குள் ஏறிவிட்டால் இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போகும். பந்தய வண்டிகள் பலவற்றில் டைட்டேனிய வால்வுகள் உள்ளன. அவற்றின்மீதுள்ள மெல்லிய கடினப் பூச்சு தேய்ந்தபின் அழிவு விரைவாகும். ஒருமுறை ஷிம் மாற்றிச் சரிசெய்யலாம். சரிசெய்த சில மணி நேரத்திலேயே இடைவெளி மீண்டும் குறைந்தால், அந்த வால்வின் காலம் முடிந்தது என்று பொருள். மறுபடியும் ஷிம் போட்டு நாளைக் கடத்துவது தலை அறுந்த வால்வு பிஸ்டன்மீது விழுவதற்கு வழி செய்வதாகும்.

இரண்டாவது, கசிவுச் சோதனை. பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி, எத்தனை விழுக்காடு கசிகிறது என்று பார்ப்பது இது. காற்று கார்புரேட்டர் பக்கம் சீறினால் உள்வால்வு, புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வு, எண்ணெய் அறையின் மூச்சுக்குழாயில் வந்தால் ரிங்குகள், ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் தலைப்பகுதி கேஸ்கெட் என்று நோயின் இடமே தெரிந்துவிடும். பட்டறைகளில் வழக்கமாகச் செய்யும் அழுத்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். தொடங்குவதற்கு எளிதாக அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் இருப்பதால், நல்ல இயந்திரமும் குறைந்த எண்ணைக் காட்டக்கூடும்.

மூன்றாவது, எண்ணெய். அளவு விரைவாகக் குறைந்தாலோ, நீலநிறப் புகை வந்தாலோ, ரிங்குகளோ வால்வுத் தண்டின் சீல்களோ தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. எண்ணெய் மாற்றும்போது உலோகத் துகள்கள் பளபளத்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

இவை எல்லாவற்றிற்கும் மேலானது காற்று வடிகட்டி. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தூசி உள்ளே நுழைந்தால் உப்புத்தாளால் தேய்ப்பதுபோல் ரிங்குகளையும் வால்வுகளையும் தேய்த்துவிடும். வடிகட்டியைக் கழுவாதவர் மணி நேரக் கணக்கு வைத்தும் பயனில்லை.

செலவை அஞ்சித்தான் பெற்றோர் தள்ளிப்போடுகின்றனர். அவர்கள் நிலை எனக்குப் புரிகிறது. ஆனால், உரிய நேரத்தில் மாற்றினால் பிஸ்டன், ரிங், பின், கேஸ்கெட் ஆகியவற்றோடு செலவு முடிந்துவிடும். உடைந்தபின் மாற்றினால் சிலிண்டர், தலைப்பகுதி, சில வேளைகளில் கிராங்க் வரை போகும். அது பல மடங்குச் செலவு. அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. மேட்டில் ஏறித் தாவும் நேரத்தில் இயந்திரம் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டும் பையன் தலைகுப்புற விழுவான். சேமித்த பணம் அப்போது எதற்கு உதவும்?

பழைய பந்தய வண்டியை மலிவாக வாங்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். முன்னைய உரிமையாளரிடம் மணி நேரப் பதிவு இல்லையென்றால், மேல்பாகம் தேய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு அச்செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டியபின்னும் கட்டுப்படியானால் வாங்குங்கள். இல்லையேல் பிள்ளைக்கு எளிய இயந்திரமே போதும். தொடக்க நிலையில் உள்ளவனுக்கு அதுவே நல்லது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நான்காம் ஆண்டு முதல் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தைக் கற்பிக்கிறோம். கணிதத்தில் நேரம், விழுக்காடு, சராசரி அனைத்தும் உண்டு. மோட்டார்மீது ஆசை கொண்ட மாணவனை "படிப்பில் நாட்டம் இல்லாதவன்" என்று ஒதுக்குவதை விடுத்து, ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து ஓட்டிய நேரம், எண்ணெய் மாற்றிய நாள், வால்வு இடைவெளி ஆகியவற்றை எழுதச் சொல்லலாம். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு எவ்வளவு முக்கியம் என்பதை வால்வு இடைவெளியைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி நூல் விளக்கப்போகிறது?

பெற்றோரும் அக்குறிப்பேட்டை மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். எழுதத் தவறினால் அடுத்த ஞாயிறு ஓட்டம் இல்லை என்று சொல்லுங்கள். வண்டி வாங்கிக் கொடுக்கும் நாளிலேயே மணி நேரம் காட்டும் சிறு மீட்டரையும் பொருத்திவிடுங்கள். ஒரு பிஸ்டனோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறிது. பிரிக்கும் நாளை நாம் முடிவு செய்யவில்லையென்றால், இயந்திரம் முடிவு செய்துவிடும். அது நமக்கு வசதியான நாளாக இருக்காது.